நான் வாடவில்லை

செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி இருபத்திரண்டு நிமிடம். அந்தோனியார் கோவிலுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது விண்ணப்பம் வாசிக்கும் பெனடிக்ட் மாஸ்டரின் வலது கைக் கட்டைவிரல். அதில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டியிருந்தார். சற்று முன்வரை அந்த வளையம்தான் விண்ணப்பத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியிருந்தது. துண்டுகள் இப்போது வாசகப் பீடத்தில் இரண்டு அடுக்காகக் கிடந்தன. ஒரு அடுக்கு புனிதரிடம் கேட்பவர்களுடையது. மற்றது கிடைத்ததற்கு நன்றி சொல்பவர்களுடையது.

வெள்ளவத்தையிலிருந்து வந்த பஸ் புறக்கோட்டையில் நின்றுவிட்டதால் நான் பிந்திவிட்டேன். நான்காவது வாங்கில் அம்மா கைலேஞ்சியை விரித்து எனக்கு இடம் பிடித்திருந்தார். அம்மாவுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா.

மாஸ்டர் நன்றி அடுக்குக்கு வந்தார். முதலாவது, ஒரு மகனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. இரண்டாவது, ஒரு சத்திரசிகிச்சை. மூன்றாவது துண்டை எடுத்தபோது பிலோமினா அக்கா அம்மாவின் மடிக்கு மேலாகக் கையை நீட்டி என் முழங்காலில் தட்டினார்.

"வெளிநாட்டில் தனிமையில் வாடி, பசியோடு காலம் கழித்த மகள் நிரந்தரமாக வீடு திரும்பிய நன்மைக்காகப் புனிதருக்கு நன்றி செலுத்துவது, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்."

"புனித அந்தோனியாரே, உமக்கு நன்றி" என்றது சனம்.

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் பகுதிக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரே பெண் நான். முன் வாங்கிலிருந்து ஏழெட்டுத் தலைகள் திரும்பின. எல்லா முகங்களிலும் ஒரே மாதிரியான இரக்கம்.

நான் அந்தத் துண்டைப் பத்திரிகைக்காரியின் கணக்கில் பார்த்தேன். ஒரு வசனம், மூன்று பிழைகள். நான் வாடவில்லை. பசித்திருக்கவில்லை. நிரந்தரமாகத் திரும்பி வரவும் இல்லை. பதினொரு நாளில், சனிக்கிழமை, எனக்கு விமானம்.

நுகேகொடையிலிருந்து ஒரு கேள்வி

இந்தத் தொடரில் நான் ஜெனீவாவுக்குப் போன கதையைச் சொன்ன பிறகு நுகேகொடையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அன்பான கடிதம், நல்ல கையெழுத்து. கடைசி வரியில் கேட்டிருக்கிறார்: "அந்தத் தனிமையை எப்படி அம்மா தாங்கிக்கொண்டீர்கள்?"

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு முற்றத்தில் இரண்டு தரம் நடந்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் கேள்வி எனக்குக் கோபத்தைத் தருகிறது. கேட்டவரில் கோபமில்லை. கேள்விக்குள் பதிலை முன்கூட்டியே வைத்துவிட்டுக் கேட்கிறார்களே, அதில்தான். ஒரு பெண் தனியாக இருந்தாள் என்றால் தாங்கினாள் என்றுதான் அடுத்த சொல் வரவேண்டுமா?

புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கம். கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்குநராகச் சேர்ந்து, பிறகு துணையாசிரியர் மேசைக்கு வந்து, மொத்தம் ஒன்பது வருடம் மற்றவர்களுடைய வசனங்களைக் குறைத்தேன். முப்பத்தொரு வயதில் ஜெனீவாவில் ஓர் உதவி நிறுவனத்தில் ஆங்கிலத் தட்டச்சு வேலை கிடைத்தது. போனேன். இரண்டு வருடத்தின் பின் ஆறு வார விடுமுறையில் வந்தேன். மாத முடிவுக்குள் திரும்பாவிட்டால் அங்கே தங்கும் அனுமதி காலாவதியாகும். அனுமதி போனால் வேலை போகும், வேலை போனால் அறை போகும்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இன்றைக்கா, நாளைக்கா?

கரூஜ் என்ற பகுதியில், நாலாம் மாடியில், லிப்ட் இல்லாத கட்டடத்தில் இருந்தது. கட்டில், மேசை, ஒரு கதிரை. ஒரே கதிரை என்பதை நான் முதல் நாளே கவனித்தேன். யாராவது வந்தால் எங்கே இருப்பார் என்று யோசித்தேன். பிறகு, யாரும் வரப்போவதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த நினைப்பில் நான் சிரித்தேன் என்று எழுதினால் எத்தனை பேர் நம்புவீர்கள்?

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஏழு பேர். நான் குளித்த நேரம், நான் சாப்பிட்ட அளவு, நான் புரண்டு படுத்த தடவை, எல்லாம் யாருக்காவது தெரிந்திருந்தது. ஜெனீவாவில் என் அறைக் கதவின் திறப்பு என் கோட்டுப் பைக்குள் இருந்தது. அதைப் போல இன்னொன்று வேறு யாரிடமும் இல்லை. தெருவில் நடக்கும்போது பைக்குள் கைவிட்டு அதன் பற்களை விரலால் எண்ணுவேன். ஐந்து.

சனிக்கிழமைச் சந்தையில் பழம் விற்ற மனிதர் ஒரு கேள்வி கேட்பார். இன்றைக்கா, நாளைக்கா? பீச் பழத்தைத் தொட்டுப் பார்த்து, இன்று சாப்பிட ஒன்று, நாளைக்கென்றால் வேறொன்று என்று தெரிந்து தருவார். நான் ஒரே ஒரு பழம் வாங்குவேன். இன்றைக்கு என்பேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் வராது. ஒரு பழத்தை ஒரு தாளில் சுற்றி, ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு தருவார். மரத்தடி வாங்கில் இருந்து, சாறு முழங்கை வரை வழிய, யாருக்கும் பாதி பிய்த்துக் கொடுக்காமல் சாப்பிடுவேன்.

காப்பிக் கடையில் பத்திரிகைகளை நீளமான மரத் தடியில் செருகிச் சுவரில் தொங்கவிட்டிருப்பார்கள். ஒன்றைக் கழற்றிக்கொண்டு யன்னலோரம் இருப்பேன். என் பிரெஞ்சு அப்போது சந்தைப் பிரெஞ்சு, தலைப்புகளுக்கு மேல் போகாது. ஆனால் எழுத்துப் பிழை தெரிந்தது. பாதி விளங்காத மொழியில், நாலாம் பக்கத்தில், இரண்டு தரம் அச்சாகிவிட்ட ஒரு வரியை நான் கண்டுபிடித்த காலை ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அன்று முழுவதும் அதை வாயில் இனிப்புப் போல வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டிராமில் ஏறிக் கடைசித் தரிப்பிடம்வரை போவேன். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு வயல், ஒரு மதில், சில கோழிகள். அதே டிராமில் திரும்புவேன்.

அழுத நாட்களும் இருந்தன. பல்வலி வந்த ஒரு கிழமை, அப்பாவின் ஆண்டு நினைவு நாள். அவற்றையும் மறைக்க மாட்டேன். ஆனால் கொட்டாஞ்சேனையிலும் எனக்குப் பல்வலி வந்தது. அப்போது யாரும் எனக்காக விண்ணப்பம் எழுதவில்லை.

இவை எல்லாவற்றையும் அம்மாவுக்கு நீல ஏரோகிராமில், ஓரம் வரை நெருக்கி எழுதி அனுப்பினேன். மாதம் இரண்டு.

ஒற்றைப் பழம்

கோவிலில் இருந்து வீடு ஏழு நிமிட நடை. வாசலில் பிலோமினா அக்காவை நிறுத்தினேன்.

"அந்தத் துண்டை எழுதினது நீங்கதானே, அக்கா?"

"அம்மா சொன்னா, நான் எழுதினனான். என்ட கையெழுத்து மாஸ்டருக்கு விளங்கும்."

"பசி எண்டு ஆர் சொன்னது?"

"நீதானே தங்கச்சி எழுதினனி! ஒரு பழம் வாங்கிச் சாப்பிட்டன் எண்டு. ஒரு பழம்! கொழும்பில ஆர் ஒரு பழம் வாங்கிறது? பிச்சைக்காரன் கூட ஒரு சீப்பில ரெண்டு கேப்பான். அம்மா வந்து சொல்ல எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டு."

"எனக்கு ஒரு பழம்தான் வேணும், அக்கா. ரெண்டு வாங்கக் காசு இருந்தது."

"இருந்தா ஏன் வாங்கேல்ல?"

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய உலகத்தில் ஒற்றைப் பழம் என்பது ஒரு வறுமைச் சான்றிதழ். அந்தப் பழத்தை வைத்து அவர் கட்டிய துயரத்தைத்தான் முழுப் பங்குச் சனமும் இரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறது. இந்த நன்றித் துண்டுக்கு முன்னால் எத்தனையோ செவ்வாய்கள் "வெளிநாட்டில் தனிமையில் வாடும் மகளுக்காக" என்று விண்ணப்ப அடுக்கில் நான் இருந்திருக்கிறேன். டிராமில் கோழி பார்க்கப் போய்க்கொண்டிருந்த எனக்காக இங்கே முழந்தாளில் நின்று செபித்திருக்கிறார்கள்.

"நிரந்தரமா எண்டு ஏன் போட்டனீங்க?" என்று அம்மாவைக் கேட்டேன்.

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "உன்னை அந்தோனியார் அந்த ஊரில இருந்து கூட்டி வந்தா நன்றி வாசிக்கிறன் எண்டு நேர்ந்தனான். வந்திட்டாய். வாசிச்சிட்டன்."

"நான் லீவில வந்தனான், அம்மா."

"அந்தோனியாருக்கு லீவு தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளவத்தையில் ஒரு திரை

என் பாஸ்போட் வெள்ளவத்தையில் ஜெரோம் அண்ணன் வீட்டு அலுமாரியில் இருந்தது. வந்து இறங்கிய அன்றே, "துலைச்சுப் போடுவாய், தா" என்று வாங்கி வைத்துவிட்டார். நான் கொடுத்தேன். ஒன்பது வருடம் செய்தியைச் சரிபார்த்தவள், சொந்த அண்ணனிடம் பாஸ்போட்டைக் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்கவில்லை. அது என் பிழை.

மறுநாள் மாலை போனேன். அண்ணன் வங்கியிலிருந்து வர நேரமிருந்தது. வெள்ளவத்தையின் பிரதான வீதியான காலி வீதியில் ஒரு சைவக் கடைக்குள் தேத்தண்ணி குடிக்க நுழைந்தேன். முன்பக்கம் மேசைகள் பாதி காலி. ஒன்றில் இருந்தேன்.

பரிமாறுகிறவர் உடனே வந்தார். "மிஸ், உள்ளுக்கு இருங்க. பெமிலி ரூம் இருக்கு."

"பெமிலி இல்ல. நான் மட்டும்தான்."

"அதுதான் மிஸ், உள்ளுக்கு."

உள்ளே என்பது ஒரு பலகைத் தட்டி, ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் நான்கு கதிரை, ஒரு மேசை, என் முகத்துக்கு நேரே முந்தின வருடக் கலண்டர். வீதி தெரியாது, கடலும் தெரியாது. அவர் தண்ணீர்க் குவளை இரண்டு கொண்டுவந்து வைத்தார்.

"ஒரு பிளேன்டி" என்றேன்.

"வாற ஆள் வந்த பிறகு கொண்டு வரட்டா?"

"ஒருத்தரும் வரேல்ல."

அவர் பரிதாபமாகப் பார்த்தார். பிளேன்டியோடு நான் கேட்காத ஒரு வடையையும் கொண்டுவந்தார். "சாப்பிடுங்க மிஸ். சல்லி வேணாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த வடையை நான் தொடவில்லை. அவர் நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. இந்த ஊரில் என்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் மட்டும்தான் இருந்தார்கள், கோபப்படுவதற்கு ஒரு கெட்டவன்கூடக் கிடைக்கவில்லை. அது என் கோபத்தை இரண்டு மடங்காக்கியது.

அண்ணன் வீட்டில் நேரே விஷயத்துக்கு வந்தேன்.

"பாஸ்போட்டைத் தாங்க, அண்ணா. டிக்கட்டை உறுதிப்படுத்த வேணும்."

"அம்மா நன்றி வாசிச்சிட்டாவே. பிறகென்ன டிக்கட்?"

"என்னட்ட கேட்டா வாசிச்சவ?"

"சரி, நான் ஒண்டு கேக்கிறன். அங்க உனக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்ல."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

"நானும் அதைத்தான் சொல்லுறன்."

குசினிக்குள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது. "ஒருத்தரும் இல்லாத இடமெண்டா எனக்கும் ஒரு அறை பாருங்க, மச்சாள்!"

"நீர் சும்மா இரும்" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "அம்மா சொன்னாத் தாறன். அம்மா சொல்லாமத் தர மாட்டன். மூப்பு வந்த மனிசியைப் புனிதருக்கு முன்னால பொய்க்காரி ஆக்கிப்போட்டுப் போகப் போறியா?"

பொலிஸ் நிலையம் அந்த வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அங்கே போய் முறைப்பாடு எழுதிவைப்பேன் என்றேன். அவர் அலுமாரிச் சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அம்மாவில முறைப்பாடு எண்டு எழுது. நானும் வந்து கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

நான் போகவில்லை. கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறினேன். ஏறும்போது எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. பத்திரிகையில் பிழை வந்தால் திருத்தம் போடவேண்டும். பிழை வந்த அதே இடத்தில், அதே பக்கத்தில்.

இரண்டு அடுக்கு

பெனடிக்ட் மாஸ்டர் ஆசிரியரல்ல. ஓய்வுபெற்ற தபாலதிபர். எங்கள் பகுதியில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். வீடு கொச்சிக்கடைப் பக்கம், துறைமுகக் களஞ்சியங்களுக்குப் பின்னால். தேயிலைத் தூளின் மணம் கதிரைத் துணியில்கூட ஏறியிருக்கும்.

திங்கள் காலை பத்து மணிக்கு என் தாளை அவரிடம் நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"மகள், இது என்ன?"

"திருத்தம், மாஸ்டர். போன செவ்வாய் வாசிச்சது பிழை."

"அந்தோனியாருக்கே திருத்தமோ?"

"அவருக்கு உண்மை தெரியும். கேட்டுக்கொண்டிருந்த சனத்துக்குத்தான் திருத்தம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, தாளைத் திருப்பித் தந்தார். "என்னட்ட ரெண்டு அடுக்குத்தான் இருக்கு. கேக்கிறது ஒண்டு, நன்றி ஒண்டு. திருத்தம் எண்டு மூண்டாவது அடுக்கு இல்ல. இதை நான் எதில வைக்கிறது?"

"நன்றி எண்டு எழுதினா வாசிப்பீங்களா?"

"நன்றியை வாசிக்காம விட எனக்கு அதிகாரம் இல்ல."

"குறைக்கக் கூடாது."

"நீளமெண்டாக் குறைப்பன். நீ பேப்பரில ஆக்கள் எழுதினதைக் குறைச்சனிதானே?"

"ஓம்."

"அவங்கள் என்ன சொன்னவங்கள்?"

"கோவிச்சவங்கள்."

"நீ குறைக்காம விட்டனியா?"

"இல்ல."

"அப்ப சுருக்கமா எழுது" என்று தன் பேனையைத் தந்தார்.

அவருடைய மேசையில் இருந்து எழுதினேன். முதல் பிரதி ஒரு பக்கம் வந்தது. திறப்பு, பீச் பழம், தடியில் செருகிய பத்திரிகை, கோழிகள் எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றாக வெட்டினேன். கடைசியில் ஒரு வசனம் நின்றது. மாஸ்டர் அதைப் படித்தார். ஒரு சொல்லில் விரலை வைத்தார்.

"இது வேணுமா?"

"அதுக்காகத்தான் மாஸ்டர் முழுதும்."

அடுத்த செவ்வாய்

கோவிலில் எல்லாம் முந்தின வாரத்தைப் போலவே இருந்தது. என் துண்டு நன்றி அடுக்கில் ஐந்தாவதாக வந்தது. மாஸ்டர் அதைச் சற்றுத் தூரமாகப் பிடித்து, மற்றவற்றை வாசித்த அதே குரலில் வாசித்தார்.

"வெளிநாட்டில் ஓர் அறையில் தனியாக இருந்து, தனியாகச் சாப்பிட்டு, இரண்டு வருடம் மகிழ்ச்சியோடு வாழ்ந்த நன்மைக்காகவும், வரும் சனிக்கிழமை அந்த வாழ்க்கைக்குத் திரும்பிப் போகும் நன்மைக்காகவும், புனிதருக்கு நன்றி செலுத்துவது, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மகள்."

ஒரு சொல்லும் குறைக்கவில்லை. அவர் விரல் வைத்த "மகிழ்ச்சியோடு"கூட அப்படியே இருந்தது.

"புனித அந்தோனியாரே, உமக்கு நன்றி" என்றது சனம், பழக்கத்தில். பதில் சொல்லி முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவர்களுக்கு ஏறியது. பின்னால் யாரோ நாக்கால் ஒரு சத்தம் செய்தார். ஒரு பெண் சிரித்தாள். முன் வாங்குகளில் தலைகள் திரும்பின.

நான் முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அந்தத் தலைகள் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

இதை நான் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. யோசித்திருந்தாலும் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா அசையவில்லை. கடைசி ஆசீர்வாதம் வரைக்கும் இருந்தார். பிலோமினா அக்கா மட்டும் அரை அடி தள்ளி இருந்துகொண்டார்.

ஏழு நிமிட நடை

திரும்பும்போது அம்மா முன்னால் நடந்தார். சந்தியில், மூடியிருந்த பேக்கரி வாசலில் நின்றார். அது சாப்பாட்டுத் தட்டுப்பாட்டில் சனம் பாணுக்கு வரிசையில் நிற்கும் காலம். கதவில் பாண் இல்லை என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது.

"எல்லாருக்கும் முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டாய்."

"நீங்க என்னைப் பிச்சைக்காரி ஆக்கினீங்களே, அம்மா. ரெண்டு வருசமா."

"விடிய நாலரைக்கு இந்த இடத்தில வந்து நிப்பன்" என்றார் அம்மா, கதவைக் காட்டி. "ஒரு நாள் உன்ட கடிதத்தையும் கையில கொண்டு வந்தனான். வரிசையில நிண்டு வாசிச்சன். காலமை அடுப்பில இருந்து வந்த சூட்டோட பாணை வாங்கி, நுனியைக் கடிச்சுக்கொண்டு நடந்தன் எண்டு எழுதியிருந்தாய். பக்கத்தில நிண்டவ, மகள் என்ன எழுதியிருக்கிறா எண்டு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல?"

அந்தக் கடிதம் எனக்கு நினைவிருக்கிறது. பாணைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். கொழும்பில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். நான் பத்திரிகை படிக்கிறவள். தெரிந்தும் எழுதினேன். அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

"பாணை விட்டிட்டுச் சொல்லியிருக்கலாமே, அம்மா. நல்லா இருக்கிறாள் எண்டு."

"என்னெண்டு சொல்லுறது? புருசன் இல்ல, பிள்ளை இல்ல, பக்கத்தில சொந்தம் இல்ல. அப்பிடி ஒருத்தி சந்தோசமா இருக்கிறாள் எண்டா என்ன கேப்பினம் தெரியுமா? அவளுக்கு அங்க ஆர் எண்டு கேப்பினம். வாடுறாள் எண்டாத்தான் செபிப்பினம்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"என்ன?"

"நான் வாடேல்ல எண்டு."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். "எழுதினது நீ. எனக்கு வாசிக்கத் தெரியாதா?"

பிலோமினா அக்காவின் பிழையை நான் மன்னித்திருந்தேன், அவர் ஒற்றைப் பழத்தை நம்பியவர். அம்மா நம்பவில்லை. ஒவ்வொரு வரியையும் சரியாகப் படித்து, சரியாக விளங்கிக்கொண்டு, வாசலுக்கு வெளியே வேறு செய்தியைக் கொடுத்திருக்கிறார். எங்கள் மேசையில் அப்படி ஒருவன் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

"எனக்காக நீங்க வெக்கப்பட்டீங்க" என்றேன்.

"உனக்காகப் பயந்தனான்" என்றார் அம்மா.

"ரெண்டும் ஒண்டுதான்."

"நீ படிச்சவள். நீ சொன்னாச் சரி."



வியாழக்கிழமை

வியாழன் காலை ஒன்பதரைக்கு அம்மா தெருமுனை மருந்துக் கடைக்குப் போனார். அங்கே ஒரு தொலைபேசி இருந்தது. நானும் பின்னால் போனேன். அண்ணனின் வங்கிக்கு இணைப்புக் கிடைக்கப் பத்து நிமிடம் எடுத்தது. அம்மா பேசியது ஒரு வசனம்.

"அவளிட பாஸ்போட்டைக் குடு."

மறுமுனையில் அண்ணன் நீளமாக ஏதோ சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ரிசீவரை வைத்தார். கடைக்காரருக்கு அழைப்புக் காசைக் கொடுத்தார். அவருடைய மகளின் பரீட்சை பற்றிச் சிங்களத்தில் விசாரித்தார். வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"போ. நான் மறிக்கேல்ல. ஆனா அங்கத்தையப் பற்றி இனி எனக்கு ஒண்டும் எழுதாத."

"ஏன்?"

"எழுதினா ஆராவது கேப்பினம். கேட்டா நான் ஒண்டு சொல்ல வேணும். உண்மையைச் சொல்ல எனக்கு ஏலாது. பொய்யை நீ விடமாட்டாய்."

பழத்தையும் பாணையும் விட்டுவிட்டு எழுதுகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். காலநிலையை எழுதுகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் அப்போது கோபத்தில் இருந்தேன்.

"சரி" என்றேன்.

சனிக்கிழமை விமானம் பதினெட்டு நிமிடம் பிந்திப் புறப்பட்டது. அனுமதி முடிய இரண்டு நாள் இருந்தது. ஞாயிறு மதியம் நாலு மாடி ஏறி என் அறைக் கதவைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு அம்மா உயிரோடு இருந்த ஆறு நத்தார்ப் பண்டிகைக்கும் நான் ஆறு அட்டைகள் அனுப்பினேன். ஒவ்வொன்றிலும், அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே, என் பெயரை மட்டும் எழுதினேன்.